ரோபோவின் அறிவு எங்கே இருக்கிறது?

வீடியோ கேம்களில் கதாநாயகனோடு கூட வரும் துணைக் கதாபாத்திரம் ஒன்று நம் மனத்தில் இடம்பிடித்துவிட்டால், "அதற்கு நல்ல செயற்கை நுண்ணறிவு கொடுத்திருக்கிறார்கள்" என்று பாராட்டும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. அந்தத் துணை ஓர் இயந்திர மனிதனாகவும் இருந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடிவிடுகிறது. கதைக்குள் அவன் சிந்திக்கிறான், வருந்துகிறான், தன் விருப்பப்படி முடிவெடுக்கிறான். ஆகவே ஆட்டத்தின் நிரலுக்குள்ளும் சிந்திக்கிற ஏதோ ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். கதையில் சொல்லப்படுவதையும் கணினியில் நடப்பதையும் ஒன்றாகவே கொள்ளும் இந்தப் பிழையை, எனக்கு மிகவும் பிடித்த ஓர் இயந்திர மனிதனை வைத்தே விளக்க முயல்கிறேன்.

யார் இந்த ரோபோ?

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1995 மார்ச்சில் சூப்பர் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவிக்காக வெளியிட்ட சாகச ஆட்டம் 'குரோனோ ட்ரிகர்'. ஜப்பானுக்கு வெளியே இக்கருவியைச் சூப்பர் நின்டெண்டோ என்பார்கள். கி.பி. 1000ஆம் ஆண்டில் வாழும் குரோனோ என்ற இளைஞனும் அவனுடைய தோழிகளான மார்லும் லூக்காவும் காலத்தைக் கடந்து பயணம் செய்கிறார்கள். கி.பி. 2300இல் அவர்கள் காண்பது பாழாய்ப்போன ஓர் உலகம். 1999இல் பூமிக்கடியிலிருந்து வெளிப்பட்ட லாவோஸ் என்ற பேருயிர் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருக்கிறது. அங்கே ஒரு குவிமாடத்துக்குள் இயக்கமற்றுக் கிடக்கும் இயந்திர மனிதனை, கருவிகள் செய்வதில் கைதேர்ந்த லூக்கா பழுதுபார்த்து எழுப்புகிறாள். ஆர்66-ஒய் என்ற தொடரெண்ணைத் தவிர வேறு அடையாளம் இல்லாத அவனுக்கு 'ரோபோ' என்று பெயர் வைக்கப்படுகிறது. ஜப்பானிய ஓவியர் அகிரா டோரியாமா வரைந்த அந்த உருண்டையான செப்புநிற உடலைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போகும்.

எழுந்த சிறிது நேரத்திலேயே அவன் தன் புதிய நண்பர்களைப் பக்கத்திலுள்ள ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே அவனைப் போலவே செய்யப்பட்ட இயந்திரங்கள் எதிரே வருகின்றன. தன் உடன்பிறப்புகளைக் கண்டுவிட்ட மகிழ்ச்சியில் அவன் நெருங்க, அவையோ அவனைக் குறையுள்ள பொருள் என்று சொல்லி அடித்து நொறுக்கி எறிந்துவிடுகின்றன. தொழிற்சாலைக்குள் ஊடுருவுபவர்களை ஒழிப்பதற்காகச் செய்யப்பட்டவன், அதை மறந்து மனிதர்களோடு நிற்கிறான் என்பதே அவன்மீது சாட்டப்படும் குற்றம். நண்பர்கள் அவற்றை வென்று, லூக்கா அவனை மீண்டும் பழுதுபார்த்த பிறகு அவன் அவர்களோடு கிளம்பிவிடுகிறான்.

தமிழில் இவனைப் பற்றி எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. நம் இலக்கணம் உயர்திணையா அஃறிணையா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறது. 'அவன்' என்பதா, 'அது' என்பதா என்று முடிவு செய்யாமல் ஒரு வினைமுற்றைக்கூட எழுத முடியாது. இந்தக் கட்டுரைக்கு அந்தச் சிக்கலே வசதியாக அமைகிறது. கதையைச் சொல்லும்போது 'அவன்' என்றும், கணினிக்குள் நடப்பதைச் சொல்லும்போது 'அது' என்றும் எழுதப்போகிறேன். எந்த இடத்தில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கும்.

ஒரே பெயரில் இரண்டு பொருள்கள்

செயற்கை நுண்ணறிவு என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, ஏராளமான எடுத்துக்காட்டுகளைப் பார்த்து, அவற்றிலிருந்து தானே கற்றுக்கொண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் மென்பொருள். வீடியோ கேம் செய்பவர்கள் இதே சொல்லைப் பல பத்தாண்டுகளாக வேறொரு பொருளில் பயன்படுத்தி வருகிறார்கள். ஆடுபவரின் கையில் இல்லாத கதாபாத்திரம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் விதித்தொகுப்பே அவர்கள் பேச்சில் செயற்கை நுண்ணறிவு. அந்த விதிகள் ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருப்பார். அவை தாமாக மாறுவதில்லை. ஆயிரம் முறை ஆடினாலும் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை.

பொம்மலாட்டம் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். மேடையில் பொம்மை அழுகிறது, நாமும் கலங்குகிறோம்; ஆனால் அழுகை பொம்மையின் மரத்துக்குள் இல்லை, திரைக்குப் பின்னாலிருப்பவரின் விரலிலும் குரலிலும் இருக்கிறது. வீடியோ கேமில் அந்த விரல்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட கட்டளைகளாக இருக்கின்றன. இனி ரோபோ என்ற பொம்மையை ஆட்டும் நூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பின்னால் நடந்து வருவது எப்படி?

முதல் நூல் மிக எளிது. குரோனோ நடக்கும்போது ரோபோ பின்னாலேயே வருகிறான். மூலையில் திரும்பினால் அவனும் அதே மூலையில் திரும்புகிறான். அவன் நம்மைக் கவனித்துக்கொண்டே வருகிறான் என்ற உணர்வு முதலில் இங்கேதான் பிறக்கிறது.

திரையில் தெரியும் ரோபோ ஒரு ஸ்பிரைட். பின்னணிக் காட்சியைத் தொடாமல், அதன்மேல் தனியாக நகர்த்தக்கூடிய சிறு படத்துக்கு ஸ்பிரைட் என்று பெயர். அக்கருவி திரையை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதிதாக வரைகிறது. அவ்வாறு வரையப்படும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். இவ்வகை ஆட்டங்களில் பொதுவாகக் கையாளப்படும் முறை என்னவென்றால், முன்னால் செல்பவர் ஒவ்வொரு ஃப்ரேமிலும் எந்தப் புள்ளியில் நின்றார் என்பதை ஒரு சிறிய பட்டியலில் குறித்துக்கொண்டே வருவார்கள். பின்னால் வருபவரின் ஸ்பிரைட்டை, அந்தப் பட்டியலில் சில ஃப்ரேம்களுக்கு முன் பதிவான புள்ளியில் வைத்துவிடுவார்கள். ஈர மணலில் ஒருவர் பதித்த காலடிகளின் மேலேயே இன்னொருவர் மிதித்து வருவதைப் போன்றது இது. பின்னால் வருபவர் வழி தேட வேண்டியதில்லை, சுவரை விலக்கிப் போக வேண்டியதில்லை. முன்னவர் போன இடம் போகக்கூடிய இடமாகத்தான் இருந்திருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், பின்தொடரும் ஸ்பிரைட் குரோனோவைப் பார்ப்பதே இல்லை. அது ஒரு பட்டியலில் உள்ள பழைய எண்களுக்கு நகர்த்தப்படுகிறது, அவ்வளவே.

சண்டையில் முடிவெடுப்பது யார்?

அறிவு என்ற ஒன்று இருந்தால் அது சண்டையில்தானே வெளிப்பட வேண்டும் என்று கேட்பது நியாயம். நான் மிகவும் வியக்கும் இடமும் இதுதான். அதற்கு முன், எதிரிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு லிஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிற்கிறது, ஏறுகிறது, இறங்குகிறது, கதவைத் திறந்து வைத்திருக்கிறது; இந்த நான்கில் ஏதோ ஒன்றில்தான் எந்த நேரமும் இருக்கும். பொத்தானை அழுத்துவதும் கதவருகே கை குறுக்கிடுவதும் அதை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். லிஃப்டுக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரியாது என்றாலும், அழைத்தால் வருகிறது, நாம் ஏறும்வரை காத்திருக்கிறது. இவ்வாறு எண்ணி முடிக்கக்கூடிய சில நிலைகளையும், ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்கான நிபந்தனைகளையும் மட்டும் கொண்டு செயல்படும் அமைப்பை ஸ்டேட் மெஷின் என்று சொல்கிறார்கள். வீடியோ கேம்களில் வரும் எதிரிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையையோ, இதற்கு நெருங்கிய உறவான 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற விதிப்பட்டியலையோ சார்ந்தவை.

குரோனோ ட்ரிகரிலேயே இதற்கு அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. நிஸ்பெல் என்ற பெரிய எதிரியின் தோல் சாதாரணமாக இறுகியிருக்கும். வாளால் வெட்டினாலும் பெரிய பாதிப்பு இருக்காது. மின்னல் தாக்குதல் பட்டால் அதன் தற்காப்பு தளர்ந்துவிடும். சற்று நேரம் கழித்து, உள்ளே சேர்ந்த மின்சாரத்தை நம்மீதே வெளியேற்றிவிட்டு மீண்டும் இறுகிக்கொள்ளும். இறுகிய நிலை, தளர்ந்த நிலை, இரண்டுக்கும் இடையே இரண்டு நிபந்தனைகள். இவ்வளவுதான் அதன் 'அறிவு'. ஆனால் முதல்முறை எதிர்கொள்பவருக்கு அது தந்திரமான மிருகமாகவே தோன்றும்.

இப்போது ரோபோவுக்கு வருவோம். இந்த ஆட்டத்தின் சண்டை முறைக்கு ஆக்டிவ் டைம் பேட்டில் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் ஓர் அளவுகோல் நிரம்பிக்கொண்டே வரும். யாருடையது நிரம்புகிறதோ அவர் ஒரு செயலைச் செய்யலாம். வேகம் என்ற எண் அதிகமாக இருப்பவருக்கு அது விரைவாக நிரம்பும். ரோபோவுக்கு வலிமையும் உயிர்ப்புள்ளிகளும் (எவ்வளவு அடி தாங்கலாம் என்பதைக் காட்டும் எண்) அதிகம், வேகம் குறைவு. அளவுகோல் மெதுவாக நிரம்பி முடிந்ததும் ரோபோ கட்டளைக்காக நின்றுவிடுகிறது. எதிரியைக் குத்துவதா, காயம்பட்ட தோழிக்குக் குணமூட்டும் கதிரைச் செலுத்துவதா என்று தேர்ந்தெடுப்பது ஆடுபவர். பொத்தானை அழுத்தும்வரை அது எதையும் தீர்மானிப்பதில்லை. மனக்குழப்பம் பிடித்த நிலையிலோ, தானாகத் தாக்கச் செய்யும் ஓர் அணிகலனை அணிந்திருக்கும்போதோ மட்டும் நம் கட்டளை இல்லாமல் அது செயல்படும். அப்போதும் நடப்பது குருட்டுத்தனமான தாக்குதல்தான்.

ஆகவே, வீடியோ கேம் செய்பவர்கள் சொல்லும் பொருளில்கூட, சண்டைக்களத்து ரோபோவுக்குச் செயற்கை நுண்ணறிவு இல்லை. அது யாருக்கு இருக்கிறது? தொழிற்சாலையில் அவனை அடித்து நொறுக்கிய அந்த உடன்பிறப்புகளுக்கு இருக்கிறது. அவைதாம் எழுதப்பட்ட விதிகளின்படி தாமாகவே இயங்குகின்றன. பிற்பகுதியில் வரும் ஜீனோ குவிமாடத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே அவன் பழைய தோழி அட்ரபோஸைச் சந்திக்கிறான். மதர் பிரெயின் என்ற தலைமைக் கணினி அவளை மாற்றி அமைத்திருப்பதால், அவள் அவனைக் கொல்ல வருகிறாள். மற்ற நண்பர்கள் இல்லாமல் இருவர் மட்டும் மோதுகிறார்கள். கதைப்படி, கட்டளைக்கு அடிமையாகிப்போனவள் ஒருபுறம், கட்டளையிலிருந்து விடுபட்டவன் மறுபுறம். கணினிக்குள்ளும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது: ஒருபுறம் விதிப்பட்டியல், மறுபுறம் ஒரு மனிதரின் விரல். செய்தவர்கள் இதைத் திட்டமிட்டார்களோ இல்லையோ, கதையின் பொருளும் கருவியின் இயக்கமும் இவ்வளவு அழகாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் காட்சியை நான் வேறு எந்த ஆட்டத்திலும் சந்தித்ததில்லை.

அட்ரபோஸ் இறக்கும்போது தன் ரிப்பனை அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். நிரலில் அந்த ரிப்பன் ரோபோவின் வேகத்தில் 3ஐக் கூட்டுகிறது. மந்திரத் தற்காப்பில் 10ஐக் கூட்டுகிறது. சண்டைகளில் வென்று கதாபாத்திரத்தின் படிநிலை (லெவல்) உயர்ந்தாலும் வேகம் தானாக உயராத ஆட்டம் இது என்பதை நினைவில் கொண்டால், அந்த 3 எவ்வளவு பெரிய கொடை என்பது புரியும். மெதுவானவன் அன்றிலிருந்து சற்று வேகமாக நகர்கிறான், அவள் நினைவாக.

இந்தப் பகுதியின் சாரம்: எதிரிகளை நடத்துவது நிலைகளும் நிபந்தனைகளும், சண்டையில் ரோபோவை நடத்துவது நாம்.

நானூறு ஆண்டுகளும் ஒரு பிட்டும்

ரோபோவை நேசிப்பவர்கள் எல்லோரும் குறிப்பிடும் காட்சி ஒன்றுண்டு. கி.பி. 600இல் ஃபியோனா என்ற பெண் பாலைவனமாகிவிட்ட தன் நிலத்தை மீண்டும் காடாக்கப் பாடுபடுகிறாள். அங்கே ஒளிந்திருந்த பாலை மிருகத்தை நண்பர்கள் ஒழித்த பிறகும், ஒரு மனித ஆயுளுக்குள் முடிகிற வேலையாக அது இல்லை. ரோபோ தான் தங்கி அதைச் செய்வதாகச் சொல்கிறான். நண்பர்கள் காலக்கப்பலில் ஏறி கி.பி. 1000க்கு வரும்போது, பாலை இருந்த இடத்தில் அடர்ந்த காடும், அதனுள்ளே ஃபியோனாவின் பெயரால் ஒரு வழிபாட்டிடமும் இருக்கின்றன. 400 ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்து, இயக்கம் நின்றுபோன ரோபோ அங்கே போற்றி வைக்கப்பட்டிருக்கிறான். லூக்கா அவனை மறுபடியும் எழுப்புகிறாள்.

அந்த 400 ஆண்டுகள் கணினியில் எங்கே இருந்தன? காகிதத்தில் இருந்த பழைய ரேஷன் அட்டை நினைவிருக்கிறதா? இந்த மாதச் சர்க்கரை வாங்கியாகிவிட்டது என்றால் அதற்குரிய கட்டத்தில் ஒரு குறி இருக்கும். கடைக்காரருக்கு நாம் என்றைக்கு வந்தோம், வரிசையில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதெல்லாம் நினைவில் இருக்க வேண்டியதில்லை. கட்டத்தைப் பார்த்தால் போதும். ஆட்டத்தின் கதையும் இதுபோன்ற கட்டங்களின் வரிசையாகவே நினைவகத்தில் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி நடந்துவிட்டதா இல்லையா என்பதை மட்டும் காட்டும் அத்தகைய குறிக்கு நிகழ்வுக்கொடி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் இருப்பதால், 1 அல்லது 0 என்ற ஒற்றை இலக்கம் அதற்குப் போதும். கணினி சேமிக்கக்கூடிய அந்த மிகச் சிறிய அலகே பிட். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே, 256 பைட்டுகள் ஒதுக்கினால் 2,048 நிகழ்ச்சிகளைக் குறித்துக்கொள்ளலாம். முதன்மை நினைவகமே 128 கிலோபைட் மட்டும் கொண்ட ஒரு கருவியில் இந்தச் சிக்கனம் எவ்வளவு அவசியமானது என்று எண்ணிப் பாருங்கள்.

'ரோபோ பாலையில் தங்கிவிட்டான்' என்ற கொடி 0விலிருந்து 1 ஆனதும், மற்றவை அதைப் பார்த்தே நடக்கின்றன. குழுவின் பட்டியலில் அவன் பெயர் காட்டப்படுவதில்லை. கி.பி. 1000இன் வரைபடத்தை வரையும் நிரல், பாலைக்கு மாறாகக் காட்டை வரைகிறது. வழிபாட்டிடத்துக்குள் நுழையும்போது அவனைக் கண்டெடுக்கும் காட்சி தொடங்குகிறது. ஆடுபவர் அடுத்த நிமிடமே கி.பி. 1000க்குப் போனாலும், வேறு வேலைகளையெல்லாம் முடித்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் போனாலும், அவன் காத்திருந்தது அதே 400 ஆண்டுகள். நிரலுக்குள் எந்தக் கடிகாரமும் ஓடவில்லை, எந்த மரமும் வளரவில்லை.

கொடிகள் ரோபோவின் நினைவாற்றல் ஆகா என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. ஆட்டத்தை ஒருமுறை முடித்தவர்கள், பெற்ற வலிமையையும் திறன்களையும் வைத்துக்கொண்டே முதலிலிருந்து மறுபடியும் ஆடலாம். நியூ கேம் பிளஸ் என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். அப்போது வலிமையைக் குறிக்கும் எண்கள் அப்படியே இருக்கும், கதையின் கொடிகள் எல்லாம் 0வாகிவிடும். அதனால் 2300ஆம் ஆண்டின் குவிமாடத்தில் அவன் மறுபடியும் பழுதடைந்து கிடக்கிறான். எழுப்பினால், போன முறை சேர்த்த அத்தனை பலத்தோடும் எழுகிறான். நம்மை மட்டும் தெரியவில்லை. முதல்முறை அதைக் கண்டபோது எனக்குச் சற்று நெஞ்சடைத்தது உண்மை.

குரல் இல்லாதவனின் குரல்

இந்த ஆட்டம் பதிந்திருக்கும், கருவியில் செருகும் பெட்டியான கார்ட்ரிட்ஜ் 32 மெகாபிட், அதாவது 4 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு ஒளிப்படத்தின் அளவுக்குள் முழு உலகமும், இசையும், ஏழு நாயகர்களும் அடங்கியாக வேண்டும். பேசும் குரல்களைப் பதிவுசெய்து வைக்க இடமே கிடையாது. எனவே ரோபோவின் பேச்சு முழுவதும் எழுத்தாகவே வருகிறது. ஜப்பானிய மூலத்தில், 'நான்' என்ற சொல்லையும் வாக்கிய இறுதிகளையும் அவன் பேசும்போது கதகனா எழுத்துகளில் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சொற்களுக்கும் ஒலிக்குறிப்புகளுக்கும் பெரிதும் பயன்படும் வரிவடிவம் அது. படிப்பவர் காதில் அதுவே சற்று விறைப்பான, இயந்திரத்தனமான உச்சரிப்பாக ஒலிக்கிறது. ஆனால் அவன் சொல்வதெல்லாம் பணிவும் பரிவும் நிறைந்தவை. விறைத்த எழுத்துக்குள் இளகிய மனம் என்ற இந்த முரணே அவன் கவர்ச்சியின் பெரும்பகுதி என்பது என் எண்ணம்.

இதிலும் நிபந்தனைகள் உண்டு. பல உரையாடல்களில், அப்போது குழுவில் யார் இருக்கிறார் என்று நிரல் பார்த்து, அவருக்கென்று எழுதிய வரியைத் திரையில் இடுகிறது. ரோபோவை அழைத்துப் போயிருந்தால் ரோபோவுக்கே உரிய ஒரு சொல் வருகிறது. அவன் அந்த இடத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னான் என்று நமக்குத் தோன்றுகிறது. அங்கே இடத்தைப் பார்த்தவர் பல மாதங்களுக்கு முன் டோக்கியோவில் உட்கார்ந்து அந்த வரியை எழுதியவர்.

காட்டில் ஓர் இரவு

அவனை மீட்ட அன்று இரவு, அவன் வளர்த்த காட்டிலேயே எல்லோரும் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். 400 ஆண்டுகளாகத் தனியே யோசித்ததை ரோபோ சொல்கிறான்: காலக் கதவுகள் தற்செயலாகத் திறந்தவை அல்ல, யாரோ அல்லது ஏதோ ஒன்று தன் கடந்த காலத்தை நமக்குக் காட்ட விரும்பியிருக்க வேண்டும் என்று. ஆடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அந்த உரையாடலின் போக்கு மாறாது. நிலைகள், விதிப்பட்டியல், வழித்தடம் எதுவும் இங்கே வேலை செய்வதில்லை. வரிசையாக எழுதி வைத்த வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கணினி மிகக் குறைவாக வேலை செய்யும் இந்த இடத்தில்தான் ரோபோ மிக அதிகமாகச் சிந்திப்பவனாகத் தோன்றுகிறான்.

எல்லோரும் உறங்கிய பின் லூக்கா மட்டும் எழுந்து, தன் சிறுவயதில் தாய்க்கு நேர்ந்த ஒரு விபத்தின் நாளுக்குப் போய்த் திரும்புகிறாள். திரும்பி வரும்போது காட்டில் ரோபோ அவளுக்காகக் காத்திருக்கிறான். அந்த 400 ஆண்டுகளில் மரப்பிசின் இறுகி உண்டான ஒரு கல்லை அவளிடம் கொடுக்கிறான். ஆட்டத்தில் அதன் பெயர் பச்சைக் கனவு. நிரலில் அது ஒரே ஒரு நிபந்தனை: அணிந்திருப்பவரின் உயிர்ப்புள்ளி 0 ஆனால், அந்தச் சண்டையில் ஒருமுறை அவரை மீண்டும் எழுப்பு. யாருக்கு வேண்டுமானாலும் அதை அணிவிக்கலாம். நான் எப்போதும் லூக்காவுக்குத்தான் அணிவிப்பேன்.